லேமினேட் செய்த சம்மதக் கடிதம்

1

இந்த ஆடியோடு நான் ஒரு கையெழுத்துப் போட்டு ஒரு வருடம் ஆகிறது. தனியாக உட்கார்ந்து எழுதும் அளவுக்கு அது அழகான கையெழுத்து இல்லை. புதுச்சேரியை ஒட்டிய பிள்ளைச்சாவடியில் பத்தாவது படித்தபோது போட்ட அதே கையெழுத்துதான்: பெயர், அடியில் ஒரு கோடு, கோட்டுக்குக் கீழே இரண்டு புள்ளி. அந்த இரண்டு புள்ளி எதற்கென்று இன்றுவரை எனக்கே தெரியாது.

பத்தொன்பது வருடமாகப் பாரிசுக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் இருக்கிறேன். என்ன வேலை என்று ஊரில் யாராவது கேட்டால் ஆஸ்பத்திரியில் என்று சொல்வேன். பொய் இல்லை. ஆஸ்பத்திரிச் சமையலறையில் அண்டா கழுவுகிறேன். டாக்டரா என்று கேட்பவர்களுக்கு மட்டும் இல்லை என்பேன். கேட்காதவர்களிடம் நானாகப் போய்ச் சொல்வதில்லை.

வேலை முடிந்து மதியம் திரும்பும்போது பெரிய ஸ்டேஷன் ஒன்றில் ரயில் மாற வேண்டும். அங்கே பட்டாளத்துக்காரர்கள் ரோந்து வருவார்கள். நான்கு பேர், எப்போதும் இடைவெளி விட்டு நடப்பார்கள். துப்பாக்கி நெஞ்சுக்குக் குறுக்கே இருக்கும். கடைசி ஆள் பத்தடிக்கு ஒருமுறை திரும்பிப் பார்ப்பான். ஜனங்கள் அவர்களைப் பிளாட்பாரத் தூணைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டுப் போவார்கள். என்னால் மட்டும் அது முடியவில்லை.

முதல்முறை அவர்களில் ஒருவன் என் பக்கம் பார்த்ததும் என் கை தானாகப் பைக்குள் போனது. ஃபைலை எடுத்துக் குடியிருப்பு அட்டையை நீட்டினேன்.

"ஐயா, நாங்கள் காகிதம் பார்ப்பதில்லை" என்றான் அவன், பிரெஞ்சில், மரியாதையாக.

மரியாதைக்குச் சொல்கிறான் என்று நினைத்துத் திருமணப் பதிவுச் சான்றையும் நீட்டினேன். அதற்குள் என் ரயில் போய்விட்டது. அவன் நல்ல நாளாக அமையட்டும் என்று வாழ்த்தினான். நகரசபை நடத்தும் மொழி வகுப்பில் எனக்குச் சொல்லிக்கொடுத்த பதில் ஒன்றுதான். அதைச் சொன்னேன்: "உங்களுக்கும், உங்கள் குடும்பத்தாருக்கும் அப்படியே." பின்னால் வந்த மூன்று பேரும் சிரிப்பை அடக்கத் தூணைப் பார்த்தார்கள்.

அன்று ஆரம்பித்த பழக்கம். உடுப்பைக் கண்டால் கை ஃபைலுக்குப் போகும். ஒருமுறை தபால்காரரிடம்கூட நீட்டியிருக்கிறேன். பிரெஞ்சுக் குடியுரிமை கிடைத்த பிறகும் நிற்கவில்லை. நீட்டுவதற்கு இன்னொரு அட்டை கூடியதுதான் மிச்சம்.

2

புதுச்சேரிக்காரர்களுக்கு இது புரியும். நாங்கள் கப்பலிலோ விமானத்திலோ பிரான்சுக்கு வந்தவர்கள் இல்லை. காகிதத்தில் ஏறி வந்தவர்கள்.

என் காகிதம் என் மாமனாரிடமிருந்து தொடங்குகிறது. அவர் பிரெஞ்சு ராணுவத்தில் பதினைந்து வருடம் இருந்தவர். எங்கள் பக்கத்தில் இப்படிப்பட்டவர்களைச் சொல்தா என்போம். சொல்தா மகளுக்குப் பிறப்பிலேயே பிரெஞ்சுக் குடியுரிமை. அந்த மகளைக் கட்டிக்கொண்டதால் எனக்கு விசா. இவ்வளவுதான் என் வரலாறு. நான் செய்த வீரச்செயல், பெண் பார்க்கப் போன அன்று புதுச்சேரி உப்பளத்தில் இருந்த அவர்கள் வீட்டில் குனிந்த தலை நிமிராமல் கேசரி சாப்பிட்டது.

அந்த வீட்டின் கூடத்தில், வாசலில் நுழைந்ததும் எதிரே, மாமனாரின் படம் மாட்டியிருக்கும். தொப்பியும் துப்பாக்கியுமாக நிற்பார். பக்கத்தில் கண்ணாடிப் பெட்டியில் ஒரு மெடல். வெள்ளிக்கிழமை தவறாமல் பூ போடுவார்கள். நான் போவதற்கு முன்பே அவர் காலமாகிவிட்டதால் படத்தோடுதான் எனக்குப் பழக்கம்.

படத்துக்குக் கதையும் உண்டு. ஆப்பிரிக்காவில் எங்கேயோ ஒரு பாலம். மாமனார் அந்தப் பாலத்தில் தனியாளாக நின்றார். மாமியார் இதைச் சொல்லும்போது குரல் தாழும். எனக்குக் கல்யாணமான புதிதில் எதிரில் வந்தவர்கள் பத்துப் பேர். என் மகள் நிவேதா பிறந்தபோது ஐம்பது பேர். என் மச்சினன் கல்யாணத்தில் பெண் வீட்டார் முன்னால் ஒரு பட்டாலியனே வந்துவிட்டது. பாலம் மட்டும் அதே அகலத்தில் இருந்தது.

"எங்க வம்சமே பட்டாளத்து வம்சம், மாப்ள" என்பார் மாமியார். அதைச் சொல்லிவிட்டு என்னை ஒரு பார்வை பார்ப்பார். அண்டா கழுவும் மருமகனுக்கு அந்தப் பார்வை போதும்.

பட்டாளத்து வம்சத்தில் மாமனாருக்குப் பிறகு பட்டாளத்துக்கு யாரும் போகவில்லை. மச்சினன் லியோன் பக்கத்தில் செல்போன் கடை வைத்திருக்கிறான். ஆனால் வம்சம் வம்சம்தான்.

3

பிரான்சில் பதினாறு முடிந்த பிள்ளைகள் எல்லாரும் ஒருநாள் பாதுகாப்பு வகுப்புக்குப் போக வேண்டும். ராணுவம் நடத்துவது. கொடி, சட்டம், முதலுதவி, மதியச் சாப்பாடு. முடிவில் ஒரு சான்றிதழ் தருவார்கள். அது இல்லாமல் பள்ளி இறுதித் தேர்வு எழுத முடியாது, கார் ஓட்டும் பரீட்சைக்கும் போக முடியாது. அரசாங்கங்கள் எல்லா இடத்திலும் இப்படித்தான், ஒன்றைத் தருவதற்கு இன்னொன்றைக் கேட்கும்.

என் மகள் நிவேதா போய் வந்தாள். சான்றிதழை அவளிடமிருந்து வாங்கி ஃபைலில் வைத்தேன், ஊருக்குப் போகும்போது லேமினேட் செய்ய.

இதைச் சொல்லியாக வேண்டும். எங்கள் வீட்டில் முக்கியமான எந்தக் காகிதத்தையும் லேமினேட் செய்யாமல் விடுவதில்லை. உப்பளத்து வீட்டில் உப்புக்காற்று, செல்லரிப்பு, கூரை ஒழுகல் என்று மாமனார் ஆரம்பித்து வைத்தது. பிறப்புச் சான்று, தடுப்பூசி அட்டை, மாமனாரின் இறப்புச் சான்று எல்லாம் பிளாஸ்டிக்குக்குள். பிரெஞ்சு அலுவலகங்களில் இதைப் பார்த்தால் முகம் சுளிப்பார்கள். முத்திரை குத்த முடியாதாம். ஆனாலும் ஒவ்வொரு முறை ஊருக்குப் போகும்போதும் அந்த இரண்டு வருடத்தில் சேர்ந்த காகிதங்களை மூட்டையாகக் கொண்டுபோவோம். மற்றவர்கள் சென்ட், சாக்லேட் கொண்டுபோவார்கள்.

அன்று சாப்பிடும்போது நிவேதா வகுப்பைப் பற்றிச் சொன்னாள். அங்கே ஒரு ராணுவ லாரி நின்றதாம். அதன் சக்கரம் அவள் உயரமாம். ஓட்டி வந்தவள் ஒரு பெண்ணாம், அவளைவிடக் குள்ளமாம்.

"எவ்ளோ சின்னப் பொண்ணு தெரியுமாப்பா. அப்டியே ரிவர்ஸ் எடுத்தா. ஒரே தடவ."

புதுச்சேரி நேரு வீதியில் சைக்கிளைக்கூட நான் தள்ளிக்கொண்டு போகிறவன். நல்லது என்றேன். நல்லது என்பது என் வழக்கமான பதில். அதற்கு ஆம் என்றோ இல்லை என்றோ பொருள் கிடையாது.

மூன்று மாதம் கழித்து அந்தக் காகிதம் வந்தது. ராணுவத்தில் வண்டி ஓட்டுநராகச் சேர விண்ணப்பம். பதினெட்டு முடியாததால் பெற்றோர் இருவரும் சம்மதக் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டு கட்டங்கள் காலியாக இருந்தன.

என் மனைவி சாந்தி நீண்ட நேரம் அதைப் பார்த்தாள்.

"நீங்க போட்டா நான் போடறேன்" என்றாள்.

கல்யாணமான நாளிலிருந்து திரைச்சீலையின் நிறம்கூட என்னைக் கேட்டு வாங்கியதில்லை. எனக்குக் கிடைத்த முதல் அதிகாரம் இது. ஊருக்குப் போகிறோம் இல்லையா, அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். கடிதம் ஃபைலில் ஏறியது. ஆகஸ்டுக் கடைசிக்குள் அனுப்ப வேண்டும்.

4

உப்பளத்து வீட்டில் செய்தி தெரிந்ததும் மாமியார் படத்துக்குப் பூ போடுவதை நிறுத்திவிட்டுத் திரும்பினார்.

"பட்டாளமா? பொட்டப்புள்ளையா? இது என்னாடி கூத்து?"

"நீதான ஆயா சொன்ன, நம்ம வம்சமே பட்டாளம்னு" என்றாள் நிவேதா. அவள் தமிழில் எல்லாரும் நீதான்.

"அது வேற, இது வேற."

"என்ன வேற?"

"அது நடந்து முடிஞ்சது."

இதைவிடத் தெளிவாக வரலாற்றை யாரும் விளக்கி நான் கேட்டதில்லை.

மறுநாள் மாமியார் ராமலிங்கம் மாமாவை வரவழைத்தார். அவரும் சொல்தா. மாமனாரோடு ஒரே ரெஜிமெண்டில் இருந்தவர். எழுபத்தெட்டு வயது. சாயங்காலமானால் இரும்புக் குண்டு உருட்டி விளையாட மற்றச் சொல்தாக்களோடு போய்விடுவார். அங்கே அளவுநாடாவை அவர்தான் பிடிப்பார், அவர்தான் ஜெயிப்பார். பட்டாளம் எவ்வளவு கொடுமை என்று அவர் வாயால் சொன்னால் பேத்தி அடங்குவாள் என்பது மாமியாரின் திட்டம்.

அவர் காபியைக் குடித்து முடிக்கும்வரை வீடே காத்திருந்தது.

"சொல்லுங்க அண்ணே. அவரு எவ்ளோ கஷ்டப்பட்டாருன்னு இவளுக்குப் புரியிறாப்ல சொல்லுங்க" என்றார் மாமியார்.

"கஷ்டமா?" மாமா மீசையைத் துடைத்தார். "அவன் எங்கம்மா கஷ்டப்பட்டான்? நாங்கதான் வெயில்ல கெடந்தோம். அவன் குசினியிலதான இருந்தான்."

மாமியார் மாமாவின் காலி டம்ளரை அவசரமாக எடுத்தார்.

"குசினின்னா?" என்றாள் நிவேதா.

"சமையக்கட்டு. நூத்தம்பது பேருக்கு உருளக்கெழங்கு உரிக்கணும். அதான் கஷ்டம்."

"அப்போ அந்தப் பாலம்?"

"எந்தப் பாலம்? ஓ, அதுவா!" மாமா தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். "சூப்பு அண்டாவத் தூக்கிக்கினு ஒத்தையில பாலத்துல வந்தான். எதிர்க்க ஒரு மாட்டு மந்தை. ஒதுங்க எடமில்ல. அண்டா ஆத்துல போயிடுச்சு. அன்னிக்கு ரெண்டு கம்பெனி பட்டினி. இன்னிக்கும் நெனச்சா எனக்குப் பசிக்கும்."

"மெடல் குடுத்தாங்களே?"

"பதினஞ்சு வருஷம் ஒருத்தனுக்கும் வயித்துவலி வராம ஆக்கிப் போட்டா குடுக்க மாட்டானா? எங்கள்ல முக்காவாசிப் பேருக்கு அதுகூடக் கெடைக்கல."

பட்டாலியன் மாடுகளாக மாறிப் பாலத்தைக் கடந்து போய்விட்டது. நான் படத்தைப் பார்த்தேன். முதல்முறையாக அவர் எனக்குச் சொந்தக்காரராகத் தெரிந்தார். அண்டாவின் எடை எனக்குத் தெரியும். ஈரக் கையோடு பிடித்தால் வழுக்கும்.

நிவேதா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ஆயா, இவ்ளோதானா? அப்போ நான் லாரி ஓட்டப் போறதுல என்ன இருக்கு?"

மாமா போன பிறகு நான் தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனேன். மாமியார் சுவரைப் பார்த்து நின்றிருந்தார். வெட்கப்பட்டு நிற்கிறார் என்று நினைத்துத் திரும்பிப் போகப் பார்த்தேன்.

"எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா, மாப்ள?" என்றார். "ரிட்டேராயி வந்து இருவத்தஞ்சு வருஷம் அவரு கைச் சோறுதான் தின்னேன். வெங்காயம் நறுக்குற வேகத்துலயே தெரியாதா?"

"பின்ன ஏன் அத்தை..."

"பாலத்தைச் சொன்னா மரியாத. உருளக்கெழங்கைச் சொன்னா யாரு வந்து பொண்ணு கேப்பா?" முந்தானையை இழுத்துச் செருகினார். "குசினின்னாலும் பதினஞ்சு வருஷம், மாப்ள. சாந்தி மொகத்தை அவரு அஞ்சாவது மாசம்தான் பாத்தாரு. தபால்காரன் சைக்கிள் பெல்லு கேட்டா நான் கதவத் தொறக்க மாட்டேன். செவுத்துல மாட்ட ஒருத்தர் போதும்."

பிறகு என் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "அந்தப் பேப்பருக்கு எதுனா ஆயிப்போனா யாரு என்ன பண்ண முடியும்?"

5

ஊருக்கு வரும்போதெல்லாம் போகும் ஜெராக்ஸ் கடை உப்பளத்திலேயே இருக்கிறது. கடைக்காரம்மாவுக்கு எங்கள் குடும்ப விவரம் முழுக்கத் தெரியும். எல்லாரையும் பிளாஸ்டிக்குக்குள் போட்டவர் அவர்தான். காகிதக் கட்டைக் கொடுத்தேன். நிவேதாவின் பாதுகாப்பு வகுப்புச் சான்றிதழ், சாந்தியின் வேலைச் சான்று, எதிர்வீட்டாரோடு வந்த குழாய்த் தகராறில் நகரசபை எழுதிய கடிதம். எல்லாவற்றுக்கும் அடியில் அந்தச் சம்மதக் கடிதம், காலிக் கட்டங்களோடு.

கைதவறி வந்தது என்று எழுதலாம். உங்களிடம் யாரும் வந்து சொல்லப் போவதில்லை. ஆனால் நான்தான் வைத்தேன். வேண்டாம் என்று மகளிடம் சொல்ல வாய் வரவில்லை. சரி என்று சொல்லவும் வரவில்லை. பிளாஸ்டிக்கின் மேல் பேனா பிடிக்காது. குடும்ப வழக்கத்தில் தவறுதலாக நடந்துவிட்டது என்றால் யாரையும் குற்றம் சொல்ல முடியாது. என் வாழ்க்கையில் நான் போட்ட ஒரே ராணுவத் திட்டம் அது.

மிஷின் சூடாவதற்குள் கரண்ட் போய்விட்டது.

பெஞ்சில் எனக்குப் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். எங்கேயோ பார்த்த முகம். அவர்தான் முதலில் கண்டுபிடித்தார்.

"சார், நீங்கதான திங்கக்கெழம பேங்க்ல எங்கிட்ட பாஸ்போர்ட்டு காட்டுனவரு?"

நான்தான். வங்கி வாசலில் துப்பாக்கியோடு ஸ்டூலில் உட்கார்ந்திருந்த காவலாளி அவர். உள்ளே நுழைந்ததும் என் கை பழக்கதோஷத்தில் ஃபைலுக்குப் போய்விட்டது. நான் சும்மா கதவு தொறக்கறவன் சார் என்று அன்று அவர் சொன்னார். இன்று லுங்கியில் இருந்ததால்தான் எனக்கு அடையாளம் தெரியவில்லை. பயமும் வரவில்லை.

பெயர் வேலு, விழுப்புரம் பக்கம் என்றார். இந்திய ராணுவத்தில் பதினேழு வருடம் இருந்தவராம். பாதி வருடங்கள் பனியை வாரிக் கொட்டியதாகச் சொன்னார். வாரிக் கொட்டினால் காலையில் அதே இடத்தில் மறுபடி கிடக்குமாம்.

கடைக்காரம்மா கரண்ட் வருவதற்குள் கட்டைப் பிரித்து அடுக்க ஆரம்பித்தார். வேலு எட்டிப் பார்த்தார். உடுப்புப் போட்டவர்களுக்குக் காலியிடம் எங்கே இருந்தாலும் கண்ணில் பட்டுவிடும் போலிருக்கிறது.

"சார், இதுல கையெழுத்துக் கட்டம் காலியா இருக்கு. இத்தப் போயி லேமினேட் பண்றீங்க?"

நான் யாரோடும் அதிகம் பேசுகிறவன் இல்லை. கரண்ட் இல்லாத கடையில், தெரியாத மனிதரிடம், எப்படியோ எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பாலம், அண்டா, மாடு உட்பட.

அவர் சிரிக்கவில்லை. மாட்டுக்கு மட்டும் கொஞ்சம் சிரித்தார்.

"எங்கப்பா என்னைப் போவாதன்னாரு. வெளியூரு போறேன்னு பொய் சொல்லிட்டுப் போயி செலக்ஷன்ல ஓடுனேன். முப்பது வருஷம் ஆவுது."

"அப்புறம் சமாதானம் ஆனாரா?"

"எங்க ஆனாரு? லீவுல வருவேன், எங்கிட்டப் பேச மாட்டாரு, மாட்டுகிட்டப் பேசுவாரு. 'தொரை எப்பப் போறாராம்'னு மாட்டைக் கேப்பாரு. அப்படியே செத்தும் போயிட்டாரு." முழங்காலைத் தடவிக்கொண்டார். "திட்டியிருந்தாக்கூடப் பரவால்ல சார். பஸ் ஏத்த ஒரு தபா வந்திருக்கலாம்."

கரண்ட் வந்தது. மிஷினில் சிவப்பு விளக்கு எரிந்தது. கடைக்காரம்மா காகிதங்களை ஒவ்வொன்றாக உள்ளே விட்டார். சம்மதக் கடிதத்தின் முறை வந்தபோது வேலு என்னைப் பார்த்தார். நான் செருப்பைப் பார்த்தேன். இந்த இடத்தில் நான் பாய்ந்து தடுத்தேன் என்று எழுத ஆசைதான். கடிதம் ஒரு பக்கம் போய் மறுபக்கம் பளபளவென்று வந்தது.

"சூடா இருக்கு, ஆறட்டும்" என்றார் கடைக்காரம்மா.

6

நிவேதா அதை மறுநாள் காலையில் கண்டுபிடித்தாள். பத்தாம் வகுப்புக் குழந்தை அப்பாவின் பீடியைக் கண்டுபிடித்ததுபோல இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு வந்தாள். சாந்தி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். மாமியார் திடீரென்று மாடிக்குத் துணி எடுக்கப் போய்விட்டார். மாடியில் துணி எதுவும் இல்லை.

"என்னப்பா இது?"

"கட்டோட போயிடுச்சும்மா. தெரியாம..."

"அப்பா, இது வெப்சைட்லயே இருக்கு. எத்தனை வேணா பிரிண்ட் எடுக்கலாம்."

எனக்கு இது தோன்றவே இல்லை. ஒரு காகிதம் ஒன்றுதான் இருக்கும், அது போனால் ஆளே போய்விட்டான் என்று நினைத்து வளர்ந்தவன் நான். என் முழுத் திட்டமும் ஐந்து ரூபாயில் தோற்றுப்போனது. அவள் அதே கடைக்குப் போய் இன்னொரு நகல் எடுத்து வந்து மேஜையில் வைத்து, மேலே பேனாவையும் வைத்தாள். கடைக்காரம்மா, இதுவும் லேமினேட்டா என்று கேட்டாராம்.

பிறகு என் எதிரே உட்கார்ந்தாள்.

"வேணாம்னா வேணாம்னு சொல்லுப்பா. கத்து. அம்மா கத்துறா, ஆயா கத்துறா. நீ பிளாஸ்டிக் போடற."

நான் பிளாஸ்டிக்கின் ஓரத்தை நகத்தால் கீறினேன்.

"எனக்கு ஞாபகம் தெரிஞ்சதுலேர்ந்து நீ எதுக்கும் இல்லன்னு சொன்னதே இல்ல. ஆமான்னும் சொன்னதில்ல. நான் பாசானப்ப நல்லதுன்ன. கால் ஒடைஞ்சப்பவும் நல்லதுன்ன."

அது உண்மை. கால் உடைந்தபோது மருத்துவர் பிரெஞ்சில் சொன்னது புரியாமல் அப்படிச் சொன்னேன். அதை அவளிடம் விளக்கியதில்லை.

மேஜையில் இரண்டு கடிதங்களும் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தன. ஒன்றில் எழுத முடியாது. மற்றதில் முடியும். மாட்டிடம் பேசிய வேலுவின் அப்பா நினைவுக்கு வந்தார். எங்கள் குடியிருப்பில் மாடு வளர்க்க அனுமதியும் கிடையாது.

"எனக்கு பயமா இருக்கும்மா" என்றேன். அந்தச் சொல்லை என் வாயால் நானே முதல்முறை கேட்டேன். "அனுப்ப எனக்கு இஷ்டமில்ல. உன்ன எங்கனா அனுப்பிடுவாங்க. போன் வந்தா நான் எடுக்க மாட்டேன், எனக்கு பயம்."

"எனக்கும் பயம்தாம்பா" என்றாள். "நீ சொல்லவே இல்லயே. உனக்குக் கவலயே இல்லன்னு நெனச்சேன்."

சாந்தி கத்தியை வைத்துவிட்டுப் புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். வெங்காயம் என்று நாங்கள் மூவரும் ஒப்புக்கொண்டோம்.

"பயமா இருந்தும் போவியா?" என்று கேட்டேன்.

"போவேன். ஆனா நீ வேணாம்னா இப்ப போவல. பதினெட்டு முடிஞ்சதும் போவேன். உங்கிட்டச் சொல்லிட்டுத்தான் போவேன்."

எனக்கு உண்மையான ஒரு வாய்ப்பு இருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது. ஐந்து மாதம் நிறுத்தி வைக்க முடியும். அதிகாரம் என்றால் இதுதான் போலிருக்கிறது. பேனாவை எடுத்தேன். பெயர், அடியில் கோடு, இரண்டு புள்ளி. சாந்தி ஈரக் கையைத் துடைத்துவிட்டு வந்து பக்கத்துக் கட்டத்தில் போட்டாள். சொன்னபடி எனக்குப் பிறகு.

மாமியார் மாடியிலிருந்து வெறுங்கையோடு இறங்கி வந்து, மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நான்காவது நாள், "மாப்ள, அவளுக்கு லாரி ஓட்ட கண்ணாடி வேணுமான்னு டாக்டருகிட்ட காட்டுங்க" என்றார்.

அக்டோபரில் அவள் பயிற்சிக்குக் கிளம்பினாள். ஸ்டேஷனில் அவள் பையை நான் தூக்கினேன். ரயில் கிளம்பும்வரை நின்றேன். அன்று வேலைக்குத் தாமதமாகப் போனேன். பதினெட்டு வருடத்தில் முதல்முறை. மேலாளர் காரணம் கேட்டார். மகள் என்று மட்டும் சொன்னேன். வாக்கியத்தை முடிக்கும் அளவுக்கு அன்று பிரெஞ்சு வரவில்லை.

7

இப்போது அவள் கிழக்குப் பக்கம் ஒரு முகாமில் இருக்கிறாள். லாரி ஓட்டுகிறாள். ரிவர்ஸ் மூன்று தடவையில் எடுக்கிறாளாம். தமிழில் குறுஞ்செய்தி அனுப்பினால் பிரெஞ்சில் பதில் வருகிறது, அதுவும் பாதி எழுத்தோடு. எனக்குப் படிக்கத் தெரிந்தது "அப்பா" மட்டும். அதை மட்டும் தமிழில் எழுதுகிறாள். மாமனார் படத்துக்குப் பக்கத்தில் அவள் படத்தை மாட்ட மாமியார் சம்மதிக்கவில்லை. உயிரோடு இருப்பவர்களை அந்தச் சுவரில் மாட்டுவதில்லையாம். ஃபிரிட்ஜ் மேல் வைத்திருக்கிறார். உப்பளத்தில் புதுக்கதை ஒன்று கிளம்பியிருப்பதாக மச்சினன் சொன்னான். பேத்தி ஓட்டும் லாரிக்கு இப்போதைக்குப் பன்னிரண்டு சக்கரம்.

போன வாரம் மதியம், அதே ஸ்டேஷன். நான்கு பேர் இடைவெளி விட்டு வந்தார்கள். கடைசி ஆளுக்கு இருபது வயது இருக்கும். முகத்தில் பரு. திரும்பிப் பார்க்கும் முறையில் திரும்பினான், என்னைப் பார்த்தான். என் கை பைக்குள் போனது.

"ஐயா, நாங்கள் காகிதம் பார்ப்பதில்லை" என்றான்.

"தெரியும்" என்றேன்.

நான் நீட்டியது நிவேதாவின் படம். உடுப்பில், ராணுவக் கம்பளித் தொப்பியோடு, கண் கூசச் சிரிக்கிறாள். லேமினேட் செய்தது. என் மகள் என்றேன். அவன் வாங்கிப் பார்த்தான். முன்னால் போன மூவரையும் கூப்பிட்டான். நான்கு துப்பாக்கிகளுக்கு நடுவில் என் மகள் கைமாறினாள். தோளில் இருந்த சின்னத்தைப் பார்த்து எந்தப் பிரிவு என்று அவர்களே சொன்னார்கள். மூத்தவன் படத்தைக் கண்ணருகே கொண்டுபோய் உதட்டைப் பிதுக்கினான்.

"தொப்பியைச் சரியாக இழுத்துவிடச் சொல்லுங்கள், ஐயா. இப்படி வைத்தால் சமையல்காரர் தொப்பி மாதிரி இருக்கிறது."

ரயில் வந்து நின்றது. நான் படத்தை வாங்கி ஃபைலில் வைக்காமல் சட்டைப்பையில் வைத்தேன்.

"எங்கள் குடும்பத்தில் அப்படித்தான் வைப்போம்" என்று சொல்லிவிட்டு ஏறினேன்.